பதினோரு வருடம் சாத்தாத கதவு

என்னோடு நெடுங்காலம் வேலை பார்த்து, அண்மையில் ஓய்வுபெற்ற தேன்மொழி இப்போது பிரான்சில் இருக்கிறாள். மகளின் பிரசவத்துக்குப் போனவள், காலையில் நடக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சிறு நகரத்தின் பழைய கதவுகளைக் கைப்பேசியில் படமெடுத்து எனக்கு அனுப்புகிறாள். ஒரு வாரத்தில் நாற்பது கதவுகள் வந்து சேர்ந்தன. வெயிலில் வெளுத்த நீலக் கதவு, சிங்கத்தின் வாயில் வளையம் மாட்டிய கதவு, மேல்வளைவில் திராட்சைக்கொடி செதுக்கிய கதவு. நேற்று வந்த படத்தின் கீழே எழுதியிருந்தாள்: "நீங்க திருவண்ணாமலைல எடுத்த கதவுங்கதான் ஞாபகம் வருது மேடம். அந்தக் காலத்துல எப்படித்தான் எடுத்தீங்களோ, ஒரு தடவை எழுதுங்களேன்."

படங்களை மறுபடி ஒரு முறை பார்த்தேன். நாற்பது கதவுகளும் சாத்தியிருந்தன. யாரும் அவளுக்காகச் சாத்தவில்லை. அவை தம் போக்கில் சாத்திக் கிடந்தன. கெஞ்சல் இல்லை, விளக்கம் இல்லை, தெருவில் கூட்டம் இல்லை. கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் நடுவில், சரித்திரத்தில் ஒரு பட்டமும், ஆரணியில் சித்தப்பாவின் ஸ்டுடியோ இருட்டறையில் கற்றுக்கொண்ட கைவேலையும் என்னிடம் இருந்தன. பழைய வீடுகளின் மரவேலைப்பாடுகளைப் பதிவு செய்வதற்காகத் திருவண்ணாமலையில் தற்காலிகமாக ஓர் அலுவலகம் திறந்தார்கள். இரண்டு மேசை, ஓர் அலமாரி, ஓர் அதிகாரி. புகைப்படம் எடுக்க ஆள் தேவைப்பட்டது. பெண்ணாக இருந்தால் வீடுகளுக்குள் அனுமதிப்பார்கள் என்று யாரோ யோசனை சொல்ல, என்னை எடுத்துக்கொண்டார்கள். மார்ச் மாத முடிவுக்குள் நூறு கதவுகளைப் பதிவேட்டில் ஏற்றி, அதிகாரி நற்சான்று எழுதினால் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் அத்தோடு முடிந்தது. முடிந்தால் எனக்காகப் போளூரில் ஒரு வரன் காத்திருந்தது. "கல்யாணத்துக்கப்புறம் தெருத் தெருவா போயி நிக்கிறதெல்லாம் நல்லாருக்காது" என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்கள். எனக்கோ தெருத் தெருவாகப் போய் நிற்பதுதான் பிடித்திருந்தது.

அதிகாரி தணிகாசலம் அவர்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஐம்பது வயது. மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மடக்கிய குடை. பதிவு முடியும்வரை எந்த வீட்டிலும் உட்காரமாட்டார், காப்பி குடிக்கமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சுத் தமிழிலேயே பேசுவார். மோர் விற்கிறவளிடமும் "அம்மையீர், சற்று விலகி நிற்க இயலுமா?" என்பார். அவள் என்னைப் பார்த்து, "இன்னாம்மா சொல்றாரு?" என்பாள். "கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்றார்" என்று நான் மொழிபெயர்ப்பேன். என் வேலையில் பாதி அதுதான்.

அவருடைய நடைமுறை மாறாதது. முதலில் நாடாவால் கதவின் உயரம், அகலம், நிலைச்சட்டத்தின் பருமன். பிறகு குமிழ்களை விரலால் தொட்டு எண்ணுவார். எண்ணி முடித்து மறுபடி வலமிருந்து இடமாக எண்ணுவார். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் என் பக்கம் தலையசைப்பார். மேலிருந்து குனிந்து கண்ணாடியில் பார்க்கும் பெட்டிக் கேமரா என்னுடையது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம், ஒரு கதவுக்கு ஒரே படம். அலுவலகத்தின் விதிகள் இரண்டு. படத்தில் நபர்கள் இருத்தல் கூடாது. கதவு மூடிய நிலையில் இருத்தல் வேண்டும்.

"திறந்திருப்பது வாசல். மூடியிருப்பதே கதவு. நாம் எழுதுவது கதவுப் பதிவேடு" என்பார்.

இரண்டாவது விதியில்தான் சங்கடம். அந்த ஊரில் பகலில் யாரும் தெருக்கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் ஒரே அர்த்தம்தான்: தெருவில் பிணம் வருகிறது. பிணம் கடந்து போகும்வரை சாத்தி வைத்திருந்து, பிறகு வாசலில் தண்ணீர் தெளித்துத் திறப்பார்கள். ஆரணிக்காரியான எனக்கு இது தெரியாதது அல்ல. ஆனால் கேமராவைக் கையில் எடுத்ததும் மறந்துபோயிற்று.

எங்கள் நான்காவது கதவு பெரிய தெருவில். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய வீடு. நான் கேட்டுக்கொண்டபடி அவருடைய மனைவி கதவைச் சாத்தினார். எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் கதவைச் சாத்தினாள். அதைப் பார்த்துப் பக்கத்து வீடு சாத்தியது. பூக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓர் இடுக்கில் ஒதுங்கினாள்.

"யாருங்க போயிட்டது?" என்று உள்ளிருந்து ஒரு குரல்.

"தெரிலயே. மொதல்ல கதவ சாத்து, அப்புறம் கேட்டுக்கலாம்."

நான் ஒளியளவு பார்த்து முடிப்பதற்குள் தெருவின் இரு பக்கமும், ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, சாத்திக்கொண்டுவிட்டன. மூன்று தலைமுறைத் தச்சர்களின் கைவேலை அத்தனையும் மாலை வெயிலில் வரிசையாக நின்றது. நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் தெருவை மேலும் கீழும் பார்த்தார். குடையை இடது கைக்கு மாற்றினார்.

"சுருளில் எத்தனை மிச்சம்?"

"ஒன்பது சார்."

"விரைந்து எடு."

அன்று ஒன்பது கதவுகள் எடுத்தோம். அதன்பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் அடுத்தடுத்த தெருக்களுக்குள் நுழையும்போது, மிக நேர்மையான முகத்தோடு கேட்பார்: "எந்த வீட்டிலிருந்து தொடங்கினால் பணி இலகுவாக இருக்கும் என்று கருதுகிறாய்?" எல்லோர் கண்ணிலும் படும் வீடு எது என்று நான் கை காட்டுவேன். தை மாதத்துக்குள் தொண்ணூற்றொன்பது கதவுகள் ஆகிவிட்டன. அந்தக் குளிர்காலத்தில் ஊரில் ஏன் இத்தனை பிணம் போகிறது, ஆனால் யாரும் சாகவில்லை என்று ஊர்க்காரர்கள் குழம்பியிருக்கக்கூடும்.

நூறாவதாக அவர் குறித்து வைத்திருந்தது திருவூடல் தெருவில் ஒரு வீடு. தை மாதத்தில் சுவாமியும் அம்பாளும் ஊடல் கொண்டு பிரிகிற விழா நடப்பது அந்தத் தெருவில்தான். ஆகவே சண்டை அங்கே புதிதல்ல. அந்த வீட்டின் இரட்டைக் கதவுதான் ஊரிலேயே ஆழமாகச் செதுக்கியது என்றார்கள். ஆனால் அது பிணத்துக்கும் சாத்தாத கதவு.

காரணம் இதுதான். வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம். இருவரும் சேர்ந்து மளிகைக் கடை நடத்தினார்கள். கடையில் நாள் முழுதும் சிரித்துப் பேசுவார்கள், வீட்டுக்குள் நுழைந்ததும் ஊமையாகிவிடுவார்கள். அவர்களுடைய மனைவிமார் பேசி அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது. மூத்தவள் பட்டம்மாள், இளையவள் வசந்தா. வீட்டைப் பாகம் பிரித்தபோது தெருக்கதவையும் பிரித்துக்கொண்டார்கள்: இடது கதவு பட்டம்மாளுக்கு, வலது கதவு வசந்தாவுக்கு. உள்ளே அவரவர் பகுதிக்கு அவரவர் பூட்டு. தெருக்கதவு இரவும் பகலும் இரண்டு பக்கச் சுவரோடு ஒட்டித் திறந்தே கிடந்தது.

இதெல்லாம் தெரியாமல் நான் போய் நின்று, படிவத்தில் இருந்த சொல்லையே வாய்ச்சொல்லாகச் சொன்னேன்: "அம்மா, போட்டோ எடுக்கணும். கொஞ்சம் கதவ மூடுங்களேன்."

பட்டம்மாளின் முகம் மாறியது. "இன்னா சொன்னே?"

"கதவ மூ..."

"வெளிய போடி!"

பக்கத்து வீட்டில் தைத்துக்கொண்டிருந்த அம்மாள்தான் என்னை இழுத்துக்கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னாள். பதினோரு வருடத்துக்கு முன் பட்டம்மாளின் மகளைப் பெண் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் படியிறங்கிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து வசந்தா உரக்கச் சொல்லியிருக்கிறாள்: "அந்தக் கதவ மூடு!" இந்தப் பக்கத்து வீடுகளில் கதவைச் சாத்துவார்கள், மூடமாட்டார்கள். மூடுவது என்பது நொடித்துப்போன கடைக்குச் சொல்கிற சொல். வந்தவர்கள் காதில் விழுந்துவிட்டது. அந்தச் சம்பந்தம் கூடவில்லை. பிறகு அந்தப் பெண் செங்கத்தில் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளையும் பெற்றுவிட்டாள். ஆனால் அதற்கும் கோபத்துக்கும் சம்பந்தமில்லை.

இரண்டு நாள் கழித்து, 'சாத்து' என்ற சொல்லோடு திரும்பப் போனேன். பட்டம்மாள் இறங்கி வந்தாள், ஒரு நிபந்தனையோடு: "என் கதவ நான் சாத்துறேன். ஆனா அந்தப் பக்கம் தெறந்துதான் இருக்கணும். அவ சாத்துனான்னா நான் தெறந்துடுவேன்."

வசந்தாவிடம் போனேன். "எங்கதவு என் இஷ்டம், சாத்துறேன். அவங்க சாத்தியிருக்கும்போது மட்டும் கேக்காதீங்க. அவங்களுக்கு ஒத்து ஊதற வேலைய நான் ஜாஸ்தி நாள் செஞ்சாச்சு."

ஆகவே திங்கட்கிழமை இடது பாதியையும், செவ்வாய்க்கிழமை வலது பாதியையும் எடுத்து, இரவல் இருட்டறையில் இரண்டையும் ஒட்டி ஒரே படமாக்கினேன். பெருமையோடு அதிகாரியின் மேசையில் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"வேலைப்பாடு மிக நேர்த்தி. கதவுடையதைச் சொல்கிறேன். படம் பொய். திங்கட்கிழமையின் நிழலும் செவ்வாய்க்கிழமையின் நிழலும் ஒரே கதவில் விழுந்திருக்கின்றன. இதற்கு நான் சான்று எழுத இயலாது."

வேறு கதவு எடுக்கலாமா என்று கேட்டேன். பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்றார். அறைக்குத் திரும்பியபோது அம்மாவின் கடிதம் வந்திருந்தது: போளூர்க்காரர்கள் பங்குனியில் நாள் பார்க்கிறார்களாம்.

அழுவதற்குப் பதிலாக அந்தப் பொய்ப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று புலப்பட்டது. இடது கதவில் ஒரு பெண், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். வலது கதவில் ஓர் ஆண், அவள் முதுகுக்குப் பின்னால் கை கூப்பி நிற்கிறான். இரண்டும் சேர்ந்தால் ஊடல் காட்சி. திறந்து கிடக்கும்போது அவள் தெருவைப் பார்ப்பாள், அவன் வீட்டைப் பார்ப்பான்; இரண்டு தனிப் பொம்மைகள். பதினோரு வருடமாக அந்த வீட்டுக்காரர்களே மறந்துபோன காட்சி. மறுநாள் மூன்று மணிக்கு மேல் படத்தை எடுத்துக்கொண்டு திருவூடல் தெருவுக்குப் போனேன். என் எண்ணம் நல்லெண்ணம் என்று சொல்ல மாட்டேன்.

பட்டம்மாள் படத்தைக் கையில் வாங்கினாள். "இவ நம்ம கதவுல இருக்கறவதானே? இன்னாத்துக்கு மூஞ்சிய திருப்பினு நிக்கறா?"

"கோவமா இருக்காங்க. பின்னால பாருங்க. அவர் மன்னிப்புக் கேக்கறார்."

"இவன் எந்தக் கதவு?"

"அந்தப் பக்கத்துக் கதவு."

அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை என்னால் எழுத முடியாது. நடை முழுக்கக் கேட்கும்படி, யாரிடமும் அல்லாமல் பொதுவாகச் சொன்னாள்: "அந்தக் காலத்து ஆசாரிக்கே தெரிஞ்சிருக்கு, யாரு யாரைக் கும்புடணும்னு!"

உள்ளேயிருந்து வசந்தா வெளியே வந்தாள். என்னிடம்தான் பேசினாள். "போட்டோம்மா, அத இப்படிக் குடுங்க. எங்கே கும்புடறான்? கை தட்டிச் சிரிக்கிறான். இந்தம்மா நிக்கிற நெலயப் பாத்து சிரிக்கிறான்."

"சிரிக்கிறானா! கண்ண தொறந்து பாக்கச் சொல்லு அவள."

"ஒட்டுப்போட்ட போட்டோவ வெச்சிக்கினு பேச வேணாம்னு சொல்லுங்க அவங்கள. நெசக் கதவுல பாத்தாத்தான் தெரியும்."

"பாத்துடலாம்னு சொல்லு!"

மணி நாலு ஆகப்போகிறது. தெற்குப் பார்த்த வீடு. மேற்கிலிருந்து வெயில் சாய்ந்து விழும்போது மட்டுமே செதுக்கல் எழுந்து நிற்கும். ஆனால் மேற்கில் மலை. நாலரைக்கெல்லாம் மலை அந்தத் தெருவின் வெயிலை எடுத்துக்கொள்ளும். தெருமுனைக்கு ஓடிப்போய், கேமராவோடு அங்கே காத்திருக்கச் சொல்லியிருந்த அதிகாரியைக் கூட்டிவந்தேன். முக்காலியை நிறுத்தினேன். சுருளில் ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது.

செதுக்கல் வெளிப்பக்கம். ஆகவே பார்க்க விரும்பியவர்கள் வெளியே நின்றுதான் கதவை இழுக்க வேண்டும். இருவரும் தெருவுக்கு வந்து ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்தார்கள்.

"அவ மொதல்ல இழுக்கட்டும்."

"ஏன், அவங்க இழுக்கட்டுமே!"

"நான் எண்ணுறேன், ரெண்டு பேரும் சேந்து இழுங்க" என்றேன். "ஒண்ணு... ரெண்டு... மூணு!"

இரண்டு கதவுகளும் முனகிக்கொண்டே வந்து, பெரும் சத்தத்தோடு ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்தன. அந்த அதிர்வில் உள்ளே, பதினோரு வருடமாகத் துணி செருகித் தூக்கி நிறுத்தியிருந்த இரண்டு தாழ்ப்பாள்களும் டக், டக் என்று தரையிலிருந்த குழிகளில் விழுந்தன.

முதலில் பேசியது தெருதான். அந்தக் கதவே சாத்திவிட்டது என்றால் சாதாரணப் பிணம் அல்ல என்று முடிவு செய்த தெரு, படபடவென்று ஒட்டுமொத்தமாகச் சாத்திக்கொண்டது.

"பால்!" என்றாள் பட்டம்மாள். "அடுப்புல பால் வெச்சேன்!"

கதவைத் தள்ளினார்கள். அசையவில்லை. கொல்லை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதற்குப் பக்கத்து வீட்டு மதிலைத் தாண்ட வேண்டும். அங்கே இருந்தவர்களில் மதில் தாண்டும் வயது எனக்கு மட்டுமே இருந்தது. கேமராவை அதிகாரியின் பக்கம் தள்ளினேன்.

"சார், நான் வர்றதுக்குள்ள வெயில் போயிடும். நீங்களே எடுத்துடுங்க. இத அமுக்கினா போதும்."

"நானா?"

"ஒரே ஒரு படம்தான் இருக்கு சார். கண்ணாடியில இடம் வலமாத் தெரியும், குழம்பிக்காதீங்க."

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். தையல்கார அம்மாள் திறக்காமலே கேட்டாள்: "பொணம் போயிடுச்சாங்க?"

"பொணம் இல்லீங்க! பால் பொங்குது, தொறங்க!"

துவைக்கிற கல்லின் மேல் ஏறி, சேலையை இடுப்பில் செருகி, மதிலைத் தாண்டிக் குதித்தேன். வலது முழங்கையில் அன்று சிராய்த்த தழும்பு இன்றும் இருக்கிறது. பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, வீடெல்லாம் நாற்றம். அடுப்பை அணைத்தேன். நடைக்கு ஓடிவந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம், படியில் உட்கார்ந்து இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னிடமும் இல்லை, பொதுவிலும் இல்லை.

"ஒன் பாலும் அடுப்புல இருந்துச்சா?"

"இல்லக்கா. இன்னிக்கு எங்களுக்குப் பாலே வரல."

"சாயந்தரத்துக்கு இன்னா பண்ணப்போற?"

"வரக்காப்பிதான்."

நான் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன்.

"அன்னிக்கு நீ மூடுன்னுதான் சொன்ன."

"சொன்னேன். எண்ணெய் காஞ்சிக்கினு இருந்துச்சு, வாசக்காத்து உள்ள அடிச்சு அடுப்பு அணைஞ்சு அணைஞ்சு போச்சு. அவங்களுக்குப் போடற பஜ்ஜிதான்க்கா அது. இன்னொரு ஈடு போட்டு, வழிக்குக் கட்டிக் குடுக்கலாம்னு."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடி?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

அப்போது அதிகாரியின் குரல்: "அம்மையீர், படத்தில் நபர்கள் இருத்தல் கூடாது. சற்று விலகி..."

"இருங்கய்யா!" என்று இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் அதட்டின. "பேசிக்கினு இருக்கோம்ல!"

கதவிடுக்கின் வழியாக வந்த வெயில்கோடு தரையில் மங்கிக்கொண்டே போயிற்று. முக்காலியின் கால்கள் கல்லில் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பேச்சுத் தமிழ்: "ஐயோ, எந்தப் பக்கம் திருப்பறது!" பிறகு கேமரா சொடுக்கிய சின்னச் சத்தம். அதற்குப் பிறகும் நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வெளியே பேச்சு செங்கத்துப் பேரப்பிள்ளைகளுக்கு வந்து, முறுக்கு மாவுக்குப் போய், அங்கே ஒரு சிறு சண்டை தொடங்கியபோது தாழ்ப்பாள்களைத் தூக்கினேன்.

மறுநாள் படத்தைக் கழுவி அதிகாரியின் மேசையில் வைத்தேன். கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஊடல் பெண்ணும் கைகூப்பியவனும் ஒவ்வொரு நகமும் தெரியும்படி எழுந்து நின்றார்கள். நிழல் ஒரே நாளின் நிழல். அவர்களுக்குக் கீழே படியில் இரண்டு நபர்கள், விதிக்கு முற்றிலும் மாறாக, வாய் திறந்தபடி.

அவர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். குமிழ்களை எண்ணினார். திருப்பி எண்ணினார். பதிவேட்டில் நூறாம் எண்ணுக்கு எதிரே எழுதப் போனவர் நிமிர்ந்தார்.

"ஒரு சந்தேகம். பால் நாற்றம் நின்று வெகுநேரம் கழித்தே கதவு திறந்தது. தாழ்ப்பாளைத் தூக்க அவ்வளவு நேரமா?"

"துருப்பிடிச்சிருந்தது சார். வரவே இல்ல."

அவர் மேசை மேலிருந்த என் பத்து விரல்களையும் பார்த்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை, ஒரு கீறல் இல்லை. நான் கைகளை மேசைக்கடியில் எடுத்துக்கொண்டேன்.

"பழைய இரும்பு" என்றார். "நேரம் எடுக்கத்தான் செய்யும்." சொல்லிவிட்டு நற்சான்றுத் தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார்.